மூச்சு விடும் எண்ணெய்

மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை அந்த இருட்டறை பூங்கோதையுடையது. மூன்று வாரத்துக்கு முன்பே பெயர் எழுதி வாங்கிய நேரம். இந்த ஆராய்ச்சி நிலையத்தில் லேசர் மைக்ரோஸ்கோப் ஒன்றே ஒன்று, அதற்கு வரிசையில் நிற்பவர்கள் முப்பது பேர். கல்யாண மண்டபம்கூடக் கேட்ட தேதிக்குக் கிடைத்துவிடும், இது கிடைக்காது. காய்ச்சலோடு வந்தவர்கள் உண்டு, காதுகுத்து விருந்திலிருந்து பாதி இலையில் எழுந்து வந்தவர்கள் உண்டு. அதனால் பூங்கோதை வந்ததில் அதிசயம் ஒன்றும் இல்லை. வந்தாள், கறுப்புத் திரையை இழுத்து விட்டாள், சால்வையைச் சுற்றிக்கொண்டாள், ஏசி எப்போதும்போல் பற்களைக் கிட்டவைக்கும் குளிரில் ஓடிக்கொண்டிருந்தது. குளிர்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தது என்பதோடு சரி, அதற்கு மேல் அந்தக் குளிர் உள்ளே வரவில்லை, வாசலில் நின்று கூப்பிட்டுவிட்டுப் போய்விடுகிற கூரியர்காரன் மாதிரி. இப்போதெல்லாம் எல்லாமே அப்படித்தான். போன் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது. அதில் எழிலரசன் இரண்டே காலுக்கு அனுப்பிய செய்தி. 'அஞ்சு மணிக்குள்ள பூனா கம்பெனிக்குப் பதில் சொல்லணும். உன் இஷ்டம் எப்படியோ அப்படி.' கணவன் மனைவிக்கு எழுதிய கடிதம் மாதிரியா இருக்கிறது, வாடகை வீட்டுக்காரர் குடியிருப்பவருக்கு எழுதின மாதிரி இருக்கிறது. அவளுக்கு இங்கே சென்னையில் வேலை, அவன் பூனாவுக்குப் போனால் தனியாகத்தான் போவான். போவது வேலைக்காக மட்டும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். ஒரே வீட்டுக்குள் ஐந்து மாதமாகப் பேசாமல் இருக்கிறவர்கள், இனி இரண்டு ஊரிலிருந்து பேசாமல் இருப்பார்கள். அப்புறம் ஒரு நாள் அதற்கும் ஒரு தாள் வரும், இருவரும் கையெழுத்துப் போடுவார்கள், உன் இஷ்டம், உன் இஷ்டம் என்று. பதில் எழுத வேண்டும். சரி என்று எழுதினால் இரண்டே எழுத்து. அவள் போனைத் தொடவில்லை.

கம்ப்யூட்டர் திரையில் கரு தெரிந்தது. பழ ஈயின் கரு, அரை மில்லிமீட்டர்கூட வராது, வெறும் கண்ணுக்கு ஒரு வெள்ளை ரவை. அதை முட்டை ஓடு நீக்கிக் கழுவி, தூரிகை நுனியால் எடுத்து, கண்ணாடியில் பசை தடவி, முதுகுப் பக்கம் தெரியும்படி வரிசையாக ஒட்டி, மேலே ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மூட வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து ஏழு கருக்களை ஒட்டியிருந்தாள். எண்ணெய்க் குப்பியைக் கையில் எடுத்தபோதுதான் எழிலின் செய்தி வந்தது. படித்தாள், சொட்டு விட்டாள், மூடினாள். கை தன்பாட்டுக்குச் செய்யும், பதினொரு வருஷப் பழக்கம். இப்போது முதல் கரு பச்சை ஒளியில் அப்படியே விரிந்து கிடந்தது. செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே உள்ள இணைப்புகள் மட்டும் ஒளிரும்படி வளர்த்த ஈ இது. ஆகவே செல்கள் தெரியாது, அவற்றின் வேலிகள்தான் தெரியும், கோலத்துக்குப் போட்ட கட்டங்கள் மாதிரி. இந்தப் பருவத்தில் கருவின் முதுகில் ஒரு பெரிய வாசல் திறந்து கிடக்கும். இரண்டு பக்கத்துத் தோலும் மெல்ல மெல்ல நகர்ந்து வந்து நடுவில் சேர்ந்து அதை மூட வேண்டும். மூடாவிட்டால் முடிந்தது கதை. நகர்வதென்றால் சும்மா நகராது, ஒவ்வொரு செல்லும் பக்கத்துச் செல்லைப் பிடித்து இழுக்கும், அது அடுத்ததை இழுக்கும், முழு முதுகும் இழுபறியில் நிற்கும். அத்தனை இழுப்பிலும் அந்த மெல்லிய இணைப்புகள் கிழிவதில்லை. ஏன் கிழிவதில்லை என்பதுதான் பூங்கோதையின் பதினொரு வருஷம். கல்யாணமான புதிதில் எழில் கேட்டான், "இழுத்தா அந்து போகாதா?" அவன் பம்பு கம்பெனியில் வாஷர், சீல் இதையெல்லாம் வடிவமைக்கிறவன், எங்கே ஒழுகும் எங்கே பிய்யும் என்பதே அவனுக்குப் பிழைப்பு. அவள் சொன்னாள், "உங்க ரப்பர் மாதிரி இல்ல. இத இழுத்தாத்தான் இறுகும்." அதற்குள்ளே ஒரு புரதம் கைமூடிய மாதிரி சுருண்டு கிடக்கும். இழுபட்டால்தான் விரியும். விரிந்தால்தான் இன்னொரு புரதம் வந்து அதைப் பற்றிக்கொள்ளும். இழுக்கிற வரைக்கும் பிடி பலம், இழுப்பு நின்றால் வந்தவன் கையை விட்டுவிட்டுப் போய்விடுவான். எழில் அன்றைக்கு வாயைப் பிளந்து கேட்டான். "அப்ப நாம சண்டை போட்டுக்கிட்டே இருக்கலாம்னு சொல்ற" என்றான். அந்த வீட்டில் அப்போது ஓயாத சண்டை.

எவ்வளவு இழுபட்டு நிற்கிறது என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். மொட்டைமாடியில் கட்டிய கொடிக்கயிறு எவ்வளவு விறைப்பாக நின்றது என்பது அறுத்துவிட்டால் இரண்டு முனையும் துள்ளி ஓடும் வேகத்தில் தெரிந்துவிடும், இதுவும் அதேதான். ஓர் இணைப்பின் நடுவே குறி வைத்து, லேசரை ஒரு கண்ணிமைக்குள் பாய்ச்ச வேண்டும். அது அறும். இரண்டு முனையும் விலகி ஓடும். முதல் நொடியில் எவ்வளவு தூரம் ஓடியது என்று அளக்க வேண்டும், நோட்டில் எழுத வேண்டும். பூங்கோதை குறி வைத்தாள், பொத்தானை அழுத்தினாள். இணைப்பின் நடுவே சின்னதாக ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தது. அவ்வளவுதான். முனைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. மூன்று மணி எட்டு நிமிடத்துக்கு நோட்டில் எழுதினாள், கரு ஒன்று, வெட்டு ஒன்று, விலகல் பூஜ்யம். ஏன் பூஜ்யம் என்று யோசித்திருக்க வேண்டும். யோசனை வந்தது, வந்த வேகத்தில் வேறு பக்கம் திரும்பிவிட்டது. ஐந்து மாதத்துக்கு முன்பு, ஆஸ்பத்திரியில் அவள் முதுகில் ஊசி போட்ட அன்றைக்கு மயக்க மருந்து டாக்டர் காலைக் கிள்ளிக் கிள்ளிக் கேட்டார், "தெரியுதாம்மா? இங்க? இங்க?" இல்லை, இல்லை, இல்லை. இடுப்புக்குக் கீழே யாருடைய கால்களோ மேசைமேல் கிடந்தன. முப்பத்து நான்காவது வாரம், தை மாதம், வெளியே எங்கோ ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. குழந்தை உள்ளேயே போய்விட்டது, அம்மாவுக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறது, காத்திருக்க முடியாது, ஆபரேஷன்தான் என்றார்கள். சரி என்றாள். பாதியில் தூங்கவும் ஒரு மருந்து கொடுத்தார்கள். விழித்தபோது கால்கள் அவளுடையவையாகத் திரும்பி வந்துகொண்டிருந்தன, முதலில் கட்டைவிரல், பிறகு பாதம், எறும்பு ஊர்கிற மாதிரி. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். "எழிலும் அவங்க சித்தப்பாவும் எடுத்துட்டுப் போயிட்டாங்கம்மா. ஆம்பளைங்க பாத்துப்பாங்க. நீ பாக்க வேண்டாம், பாத்தா மறக்க முடியாது." அப்படித்தான் செய்வார்கள், இரண்டு வீட்டிலும் அதுதான் வழக்கம், பெற்றவள் பார்க்கக் கூடாது. அதற்கும் சரி என்றாள். கால்கள் நாலு மணி நேரத்தில் முழுதாகத் திரும்பி வந்துவிட்டன. கால்கள் மட்டும்தான் வந்தன.

இரண்டாவது வெட்டு. கறுப்புப் புள்ளி. பூஜ்யம். லேசர் வலு குறைந்துவிட்டதோ என்று ஒரு நினைப்பு வந்தது. போன மாதம் ரிஸ்வான் புகார் சொன்னான். ரிஸ்வான் அடுத்த அறை ஆள், அவனுடைய நேரம் ஐந்திலிருந்து ஏழு, நாலே முக்காலுக்கே வந்து வாசலில் செருப்பைத் தேய்க்க ஆரம்பித்துவிடுவான். வலுவைக் கொஞ்சம் ஏற்றினாள். மூன்றாவது வெட்டு. புள்ளி கொஞ்சம் பெரிதாக விழுந்தது, முனைகள் அசையவில்லை. எவ்வளவு அமைதியான கரு. எல்லோரும் அமைதியாகத்தான் இருக்கிறார்கள். எழில் அவ்வளவு அமைதி. காலையில் காபி போட்டு மூடி வைக்கிறான். ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடுவதில்லை, ஆறு வருஷம் அதற்காகக் கத்தியிருக்கிறாள், இப்போது துண்டு கொடியில் மடிப்புக் கலையாமல் தொங்குகிறது. ஃபேனை ஐந்தில் வைப்பதா மூன்றில் வைப்பதா என்று நடுராத்திரி வரை வழக்காடியவன், இப்போது "உனக்கு எது வசதியோ" என்கிறான். அவளும் "உனக்கு எதுவோ" என்கிறாள். ஃபேன் யாருக்கும் வசதியில்லாமல் நாலில் ஓடுகிறது. வெள்ளைக்காரன் வீட்டில் விருந்தாளியாகத் தங்கியிருக்கிற மாதிரி அத்தனை நாகரிகம். தூளி கட்டுவதற்கென்று எழில் உத்தரத்தில் ஒரு கொக்கி அடித்திருந்தான், ஏழாவது மாதமே, அவசரக்குடுக்கை. வடிவமைப்பாளன் இல்லையா, நாற்பது கிலோ மணல் மூட்டையைத் தொங்கவிட்டுச் சோதனை வேறு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்றாம் நாளோ நாலாம் நாளோ அவள் மாத்திரையில் தூங்கிக்கொண்டிருந்தபோது அதைக் கழற்றி, ஓட்டையில் வெள்ளை சிமென்ட் வைத்துப் பூசிவிட்டான். மேற்கூரை பழைய வெள்ளை, இது புது வெள்ளை, வட்டமாகத் தெரிகிறது. ஐந்து மாதமாக மல்லாந்து படுத்து அதைத்தான் பார்க்கிறாள். என்னைக் கேட்காமல் ஏன் எடுத்தாய் என்று கேட்கவில்லை. எடுத்தது நல்லதுதானே. நல்லதுதான். பக்கத்தில் அவனும் மல்லாந்து படுத்து அதையேதான் பார்க்கிறான் என்பதும் தெரியும். வீட்டுக்கு வருகிறவர்கள், "உங்க ரெண்டு பேரையும் பாராட்டணும், எவ்வளவு தைரியமா தாங்கிக்கிட்டீங்க" என்கிறார்கள். தாங்கினோமா? எதைத் தாங்கினோம், யார் எதை இழுத்தார்கள்?

மூன்று ஐம்பது. நோட்டில் மூன்று பூஜ்யங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக. பேராசிரியர் பார்த்தால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குதிப்பார். முதுகு மூடும் நேரத்தில் இழுப்பே இல்லாத கரு! யாரும் கண்டதில்லை. பெரிய பத்திரிகைக்குப் போகலாம், மேற்கொண்டு ஆராய்ச்சிக்குப் பணம் கேட்கலாம். அந்தக் குதிப்பை நினைத்தபோது பூங்கோதைக்குச் சிரிப்பு வர வேண்டும், வரவில்லை, உதடு மட்டும் ஒரு பக்கமாக இழுத்துவிட்டு நின்றது. கருவைப் பார்த்தாள். அழகான கரு, அதை மட்டும் மறுக்க முடியாது. ஒரு வேலிகூட உடையவில்லை, ஒரு கட்டம்கூடக் கோணவில்லை, எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. எல்லாம் இருக்கு. அந்த ஸ்கேன் அறையும் இதே மாதிரி இருட்டு, இதே குளிர். இரண்டு நாளாக அசைவு குறைந்த மாதிரி இருக்கிறது என்று போயிருந்தார்கள். வயிற்றில் களிம்பு தடவிக் கருவியை உருட்டினாள் ஸ்கேன் எடுக்கும் பெண். திரையில் முதுகெலும்பு தெரிந்தது, கோத்து வைத்த மணி மணியாக, மேலிருந்து கீழ்வரை ஒரு விடுபாடு இல்லாமல் மூடியிருந்தது. பூங்கோதை எத்தனை ஆயிரம் முதுகுகள் மூடுவதைப் பார்த்தவள், முதலில் அதைத்தான் பார்த்தாள். எவ்வளவு ஒழுங்காக மூடியிருக்கிறது என்று பார்த்தாள். விரல்களை எண்ணினாள், மூக்கைப் பார்த்தாள், எழில் மூக்கோ என்று யோசித்தாள், வாயைத் திறந்து, "எல்லாம் இருக்கு பாரு எழில்" என்று பெருமையாகச் சொல்லவும் சொன்னாள். எழில் அதில் எதையும் பார்க்கவில்லை. பம்பு கம்பெனிக்காரன், அவன் பார்த்தது ஒன்றே ஒன்று. "கோதை, அது ஏன் துடிக்கல?" என்றான். கருவி உருட்டிய பெண் டாக்டரைக் கூப்பிடப் போனாள். எழுந்து நின்றிருந்த எழில் அந்த இடத்திலேயே நின்றான், அவள் கையைக்கூடப் பிடிக்கவில்லை, பிடித்தானோ என்னவோ, நினைவில்லை. கருவைப் பற்றியே படித்து டாக்டர் பட்டம் வாங்கியவளுக்குத் தெரியாதது அவனுக்குத் தெரிந்துவிட்டது. அந்த ஒன்றை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவனும் அதற்கப்புறம் சொல்லிக்காட்டியதில்லை. அவன் சொல்லிக்காட்டக்கூடிய ஆள்தான், வண்டிச் சாவியைத் தொலைத்ததை மூன்று வருஷமாகச் சொல்லிக்காட்டியிருக்கிறான். இதை மட்டும் சொல்லவில்லை.

நாலாவது வெட்டுக்குக் குறி வைத்தாள், விரல் பொத்தான்மேல் இருந்தது, அழுத்தவில்லை. அது ஏன் துடிக்கல. உயிருள்ள கருவில் அந்த வாசல் பகுதிச் செல்கள் சும்மா இருக்காதே. தூங்குகிற பூனையின் வயிறு மாதிரி ஒன்று சுருங்கும், ஒன்று விரியும், இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு தரம், ஓயவே ஓயாது. அவள் ஒரு படம், ஒரு வெட்டு, ஒரு படம் என்று மட்டும் எடுத்துக்கொண்டிருந்தாள், ஓடும் படமாக ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. முதலாண்டு மாணவர்களுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம், வெட்டுவதற்கு முன்னால் ஐந்து நிமிடம் பாருங்கள், உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். படத்தை ஓடவிட்டாள். ஒரு நிமிடம். மூன்று நிமிடம். ஏசியின் சத்தம் மட்டும் கேட்டது. ஆறு நிமிடம். கட்டங்கள் எல்லாம் பச்சையாக, தெளிவாக, அசையாமல் இருந்தன. அடுத்த கருவுக்கு நகர்த்தினாள், அதுவும் அப்படியே. மூன்றாவது, நாலாவது, ஏழும் அப்படியே. எழுந்து போய், மேசை விளக்கைப் போட்டு, எண்ணெய்க் குப்பியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். இரண்டு எண்ணெய் உண்டு இங்கே. ஒன்று கருவின் மேல் விடுவது, அதன் வழியாகக் காற்று உள்ளே போகும், கரு மூச்சு விடும். மற்றது மைக்ரோஸ்கோப் கண்ணாடிக்கு விடுவது, படம் தெளிவாகத் தெரிய. அதன் வழியாகக் காற்று போகாது. ரிஸ்வான் ஒன்றுக்கு மூச்செண்ணெய் என்றும் இன்னொன்றுக்குக் கண்ணெண்ணெய் என்றும் பெயர் வைத்திருந்தான். இரண்டும் ஒரே அளவுப் பழுப்புக் குப்பி, ஒரே கறுப்பு மூடி, தள்ளித் தள்ளி வையுங்கள் என்று எழுதி ஒட்டியதே அவள்தான். கையில் இருந்தது கண்ணெண்ணெய். எழிலின் செய்தியைப் படித்துக்கொண்டே ஏழு கருக்களையும் மூச்சு முட்ட மூடியிருக்கிறாள், மூடிவிட்டு ஒரு மணி நேரமாகச் செத்த பிள்ளையை அறுத்து அறுத்து, வலிக்கவில்லை, வலிக்கவில்லை என்று நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

உட்கார்ந்தாள். பூஜ்யங்களின் குறுக்கே ஒரு கோடு போட்டாள். 'கரு இறந்தது. எண்ணெய் மாறிவிட்டது. தவறு என்னுடையது. பூ.' என்று எழுதினாள். எழுதி முடித்த பிறகும் பேனா தாளிலிருந்து எழவில்லை, பூவின் வால் நீண்டுகொண்டே போனது. நாலு நாற்பதுக்குக் கதவு லேசாகத் தட்டப்பட்டது, கறுப்புத் திரைக்குள் ரிஸ்வான் தலையை நீட்டினான். "அவசரமில்ல மேடம், அஞ்சுக்குத்தான் எனக்கு. சும்மா பாத்துட்டுப் போலாம்னு." அவன் பார்வை திரைக்குப் போனது. "அடேயப்பா, என்னா தெளிவு! இந்த மாதிரி எனக்கு ஒரு படம் விழுந்ததே இல்ல மேடம்." "செத்துப்போச்சு ரிஸ்வான்" என்றாள். "அய்யோ" என்றான் அவன், உண்மையாகவே வருத்தப்பட்டு, இந்த வேலையில் இருக்கிற யாரும் கேட்கிறதையே கேட்டான், "எப்ப?" எப்ப. அந்தக் கேள்விக்கு இங்கே ஒரு பதில் உண்டு, எண்ணெய் விட்ட நேரத்திலிருந்து கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். அவளுக்குள் அது அங்கே நிற்கவில்லை. எப்ப போனாள் வயிற்றிலிருந்தவள்? ஞாயிற்றுக்கிழமையா, திங்கட்கிழமையா, பூங்கோதை பக்கவாட்டில் படுத்துப் பருப்புவடை தின்றபடி டிவி பார்த்தாளே அப்போதா, அப்போது வயிற்றுக்குள் எல்லாம் முழுசாக, ஒழுங்காக, மூடிய முதுகோடு, அசையாமல்? ஐந்து மாதத்தில் ஒரு முறைகூட இதைக் கேட்டதில்லை. எதையுமே கேட்டதில்லை. எப்ப, எங்கே, என்ன எடை, என்ன துணி சுற்றினீர்கள், மண் ஈரமா காய்ந்திருந்ததா. ஆஸ்பத்திரித் தாளில் பெண் என்று ஒரு வார்த்தை இருந்தது, அதைத் தவிர அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவன் ஒருவன்தான் இருக்கிறான், அவன் ஐந்து மணிக்குள் பூனாவுக்குச் சரி சொல்லிவிடுவான். பயம் வந்தது. இத்தனை நாளில் முதல்முதலாக ஏதோ ஒன்று வாசலில் நிற்காமல் உள்ளே வந்தது, வயிற்றுத் தையல் ஓடிய இடத்தில் சுரீரென்று பிடித்தது. "ரிஸ்வான், கொஞ்சம் வெளியில இருக்கியா" என்றாள். அவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதவை மூடிக்கொண்டு போனான்.

நாலு நாற்பத்தெட்டு. முதல் மணியிலேயே எடுத்தான். "சொல்லு கோதை. என்னன்னு அனுப்பட்டும்?" பின்னால் ஆபீஸ் சத்தம், யாரோ சிரித்தார்கள். "எழில், அவ யாரு மாதிரி இருந்தா?" யார் என்று அவன் கேட்கவில்லை. நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம், நடக்கும் சத்தம், ஒரு கதவு. இவள் காத்திருந்தாள், இணைப்பு அறுந்துவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள், நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. திரும்பக் காதில் வைத்தபோது அவன் கத்திக்கொண்டிருந்தான். "...இப்ப கேக்கற! அஞ்சு மாசம் கழிச்சு இப்ப கேக்கற! ஒருத்தர் கேட்டீங்களாடி? உங்கம்மா கேட்டாங்களா, எங்கம்மா கேட்டாங்களா? சித்தப்பா வண்டியில வழியெல்லாம் கிரிக்கெட் பேசிக்கிட்டு வந்தாரு, புள்ள என் மடியில இருக்கு, அவரு ஸ்கோர் சொல்றாரு. நான் ஒருத்தன்தான் கோதை அவளப் பாத்திருக்கேன் இந்த உலகத்துல. நான் பொய் சொன்னாக்கூட ஒருத்தருக்கும் தெரியாது." மாடிப்படியில் நிற்கிறான் போலிருக்கிறது, குரல் மேலும் கீழும் போய் மோதிவிட்டு வந்தது. அவனுக்கு இவ்வளவு பெரிய குரல் இருந்தது அவளுக்கு மறந்தே போயிருந்தது. "நீ ஏன் சொல்லல?" என்று இவளும் கத்தினாள், சின்ன அறை, தன் சத்தம் தன் காதிலேயே அடித்தது. "கொக்கிய மட்டும் சொல்லாம கொள்ளாம கழட்டத் தெரிஞ்சுதில்ல?" "அதப் பாத்துக்கிட்டே எப்படிடி நான் படுக்கறது?" என்றான், அதோடு அவன் குரல் உடைந்தது. அவன் அழுவதை அவள் கேட்டதே இல்லை. அது இருமல் மாதிரி இருந்தது. அவளுக்குத் தொண்டையில் என்னவோ அறுந்து இரண்டு பக்கமும் ஓடியது. வலித்தது. நன்றாக, தாங்க முடியாமல் வலித்தது, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள், கண்ணீர் நோட்டில் விழுந்து மை கலைந்தது, விழட்டும் என்று விட்டாள்.

"காது உன் காது" என்றான் அழுகை அடங்கி. "மேல மடிஞ்சிருக்குமே, அதே மடிப்பு. ரெண்டு காதும். முடி நிறைய இருந்துச்சு. மூக்கு எங்க வீட்டு மூக்குதான், பாவம்." அவள் கை தானாகப் போய்த் தன் காது மடிப்பைப் பிடித்தது. பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்கள், முடியை இறக்கிவிட்டு மறைத்துக்கொண்ட காது. "போகாத எழில்" என்றாள். "பூனாவுக்கா?" "எங்கயும். பஸ்ஸப் புடிச்சு இங்க வா. மிச்சத்தையும் சொல்லு." மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "மிச்சம்னு பெருசா ஒண்ணுமில்ல கோதை. நர்ஸ் குடுத்தாங்க, வண்டி வர்ற வரைக்கும் அந்த வராந்தா பெஞ்சுல வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். பத்து நிமிஷம் இருக்கும். அப்புறம் வண்டியில சித்தப்பா இருந்தாரு. தனியா இருந்தது அந்தப் பத்து நிமிஷந்தான்." "அந்தப் பத்து நிமிஷத்தச் சொல்லு." "போன்லயா?" "வர்ற வரைக்கும் போன்ல. வந்தப்புறம் மொதல்லேருந்து." படிக்கட்டில் அவன் உட்கார்ந்துகொள்வது கேட்டது. தொண்டையைச் செருமினான். "ஆஸ்பத்திரியில பச்சைத் துணி சுத்திக் குடுத்தாங்க," என்று ஆரம்பித்தான், "அது ஈரமா இருந்துச்சு, அதனால என் சட்டையக் கழட்டி..." சுவரில் மணி ஐந்தாகி, ஐந்து பத்தாகியும் அவன் சொல்லிக்கொண்டுதான் இருந்தான். வெளியே ரிஸ்வானும் கதவைத் தட்டவில்லை.